ஃப்ளோரன்ஸில் ஒரு செமஸ்டர்: காசுக்குத் தகுமா?

கேள்வி, 2 பிப்ரவரி 2025

அண்ணன் மகள் அமெரிக்காவுல ஓவியம் படிக்கிறா, ரெண்டாவது வருஷம். ஆகஸ்ட் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும் இத்தாலியில ஃப்ளோரன்ஸ் போய்ப் படிக்கலாம்னு காலேஜ்ல சொல்றாங்களாம். அண்ணன் என்கிட்ட யோசனை கேட்கிறார். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இது பணக்கார வீட்டுப் பிள்ளைங்க ஒயின் குடிச்சு ஊர் சுத்துறதுக்கு வெச்சிருக்கிற ஏற்பாடு. அங்க இருக்கிற படம் அத்தனையும் நெட்ல பெருசாக்கிப் பார்க்கலாம். அதுக்கு எதுக்கு இவ்வளவு செலவு? போய் வந்தவங்க உண்மையைச் சொல்லுங்க.

3 பிப்ரவரி 2025, இரவு

போய் வந்தவள் எழுதுகிறேன். 2016 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அங்கே இருந்தேன். நானும் ஒரு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து போனவள்தான்.

நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஒயினும் ஊர் சுற்றலும் தாராளமாக நடக்கும். என்னோடு வந்த சிலருக்கு வியாழன் மாலையோடு வாரம் முடிந்துவிடும். பீசா விமான நிலையத்துக்கு பஸ் பிடித்து பார்சிலோனா, பிராக் என்று பறந்து, ஞாயிறு நள்ளிரவில் திரும்பி, திங்கள் வகுப்பில் தூங்குவார்கள். பெட்டியை வைத்துவிட்டுப் போக ஓர் ஊர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

படம் நெட்டில் இருக்கிறது என்கிறீர்களே, அந்தப் பாதியைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் மசாச்சோ என்ற ஓவியர் 1427-ஐ ஒட்டி வரைந்த ‘திரித்துவம்’ என்ற சுவரோவியம் இருக்கிறது. நெட்டில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அது படம். நேரில் அது சுவர். பக்கவாட்டில் போய் நின்று, வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி பாருங்கள்: படத்திலுள்ள வளைவு மாடத்துக்காக ஈரக் காரையில் நூல் பிடித்து அழுத்திய கோடுகள் பள்ளமாகத் தெரியும். மரியாளின் முகத்தில் கட்டம் கட்டமாகக் கீறல் இருக்கும். அத்தனை கோடுகளும் வந்து சேருமிடம், கீழே நிற்கிற ஆளின் கண்மட்டத்தை ஒட்டியே இருக்கிறது. இரண்டு எட்டு இடப்பக்கம் நகர்ந்தால் மாடம் பிசகுகிறது, திரும்பி நடுவுக்கு வந்தால் சுவருக்குள் ஓர் அறை திறக்கிறது. இதைக் கண் பார்த்தால் போதாது, கால் நடந்து பார்க்க வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: கல்லூரியின் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாடப் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ‘அடிப்படை ஓவியம்’, ‘எண்ணெய் வண்ணம்’, ‘டிஜிட்டல் போட்டோ’ என்று அவள் கல்லூரியில் இருப்பதே அங்கேயும் இருந்தால் ஒரு பைசா கட்டாதீர்கள். சுவரோவியம், சலவைக்கல் செதுக்குதல், பழைய ஓவியம் பழுதுபார்த்தல், பொன்தாள் ஒட்டுதல் என்று அந்த ஊருக்கே உரிய கைவேலை ஏதாவது இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.

3 பிப்ரவரி 2025, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு அடையாளம். வெள்ளிக்கிழமை வகுப்பு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் நடத்துகிறவர்கள் படிப்பை நினைத்து நடத்துகிறார்கள்.

5 பிப்ரவரி 2025

“ஃப்ரெஸ்கோ கத்துக்கிட்டு என்ன பண்றது? இந்தக் காலத்துல யார் வீட்டுச் சுவர்ல வரையப் போறா?” என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். யார் வீட்டிலும் வரைய வேண்டாம் தம்பி. நான் அதற்கப்புறம் ஒரு சுவரிலும் வரையவில்லை.

ஃப்ரெஸ்கோ என்றால் ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் தீட்டும் சுவரோவியம். வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நீர்த்த சுண்ணாம்பை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டு வைத்திருப்பார்கள். கட்டித் தயிர் பதத்தில் இருக்கும். முதல் நாள் பாதி நேரம் மணல் கழுவுவதிலேயே போனது. ஓவியம் படிக்க வந்தவர்களைக் கொத்தனார் வேலைக்கு விட்டுவிட்டார்களே என்று ஒருத்தி அழாத குறை. ஆற்று மணலும் சுண்ணாம்பும் கலந்து முதலில் சொரசொரப்பான பூச்சு. அது காய்ந்த பிறகு அதன் மேல் செங்காவியில் முழு உருவத்தையும் கோட்டோவியமாகப் போட வேண்டும். அடுத்து, அன்றைக்கு எவ்வளவு வரைந்து முடிக்க முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் மெல்லிய பூச்சு. அந்த ஒருநாள் துண்டுக்கு ‘ஜோர்னாட்டா’ என்று பேர்.

பூசியதும் தூரிகையை எடுத்தால் ஆசிரியை கையைத் தட்டிவிடுவார். மேற்பரப்பில் தண்ணீர் மினுக்கம் அடங்கி, விரலை வைத்தால் ஒட்டாமல் குளிர்ச்சி மட்டும் தெரிகிற நேரம் வரும். அப்போது ஆரம்பிக்க வேண்டும். நிறத்தூளைத் தண்ணீரில் மட்டும்தான் குழைக்கிறோம், பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு திரும்பவும் கல்லாகிறது, நிறம் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. சில மணி நேரம் கழிந்ததும் தூரிகை சொரசொரவென்று இழுக்கும், சத்தமே மாறிவிடும். சுவர் கடையைச் சாத்துகிறது என்று அர்த்தம். அதற்குமேல் வைக்கிற நிறம் காய்ந்ததும் தூளாக உதிரும்.

திருத்தமெல்லாம் கிடையாது. பிடிக்கவில்லையா, கரண்டியால் அந்த நாள் துண்டைச் சுரண்டிக் கீழே தள்ளிவிட்டு நாளைக்குப் புதிதாகப் பூச வேண்டும். எல்லா நிறமும் வேறு காய்ந்தால் வெளிறிவிடும். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பக் கூடாது, காய்ந்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே மனதில் பார்க்கப் பழக வேண்டும். ஐபேடில் ஒரு கோட்டை இருபது தடவை அழித்துப் போட்டுப் பழகியவளுக்கு இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்கு நான் செய்வது புத்தகங்களுக்குப் படம் போடும் வேலை, கம்ப்யூட்டரில்தான். ஒரு நாளில் எது முடியும், எதை நாளைக்கு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கு எனக்கு அந்தச் சுண்ணாம்புச் சுவரில் வந்தது.

அந்த வகுப்புக்குப் பிறகு, மசாச்சோவின் சுவரோவியங்கள் உள்ள பிரங்காச்சி சிற்றாலயத்துக்குப் போனபோது எல்லோரும் ஆதாம் ஏவாள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நாள் பூச்சு எங்கே முடிந்து அடுத்த நாள் பூச்சு எங்கே தொடங்கியது என்று ஓரங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். மசாச்சோ எனக்கு அதுவரை புத்தகத்தில் ஒரு பெயர். அன்றைக்குத்தான் சாரத்தின் மேல் ஏறி நின்று, சாயங்காலத்துக்குள் முடிக்கப் பறந்த ஓர் இளைஞராகத் தெரிந்தார். இருபத்தேழு வயதை எட்டுவதற்குள் செத்துப்போனவர்.

6 பிப்ரவரி 2025

தஞ்சாவூர் ஓவியங்களும் இதே முறைதானா என்று கேட்டவருக்கு: ஆமாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள நடையில் இருக்கும் சோழர் ஓவியங்கள் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியவை என்று, சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930-களிலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார். சித்தன்னவாசலை அவர் வேறு வகையில் சேர்த்தார், காய்ந்த பூச்சில் தீட்டியது என்று.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. தஞ்சையில் சோழர் ஓவியத்தின் மேல் நாயக்கர் காலத்தில் இன்னொரு ஓவியம் பூசிவிட்டார்கள். பிற்பாடு தொல்லியல் துறை மேல் ஓவியத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்து அடியிலிருந்ததை வெளியே கொண்டுவந்தது. ஃப்ளோரன்ஸில் சாந்தா அப்பொல்லோனியா மடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அதே மாதிரி ஒன்றைப் பார்க்கலாம். ஓவியர் காஸ்தான்யோ 1447-இல் வரைந்த ‘கடைசி விருந்து’ கீழே. அதற்கு மேலிருந்த காட்சிகளைச் சுவரிலிருந்து உரித்தபோது அடியில் செங்காவிக் கோட்டோவியம் கிடைத்தது. அதையும் அதே கூடத்தில் எதிரே வைத்திருக்கிறார்கள். ஓவியர் முதலில் என்ன நினைத்தார், பிறகு எதை மாற்றினார் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எங்கள் ஆசிரியை ஒரு காலைப்பொழுது முழுக்க எங்களை அங்கேயே உட்காரவைத்தார். எங்களைத் தவிர வந்தது ஒரு வயதான தம்பதி மட்டும்.

தஞ்சைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் பெரிய கோயில் ஓவியத்தைப் பற்றி யோசிக்க ஃப்ளோரன்ஸ் போக வேண்டியிருந்ததா என்று கேட்காதீர்கள். என் அப்பா கேட்டுவிட்டார்.

9 பிப்ரவரி 2025

காசு விஷயம். எல்லா ஊரிலும் மாணவர் என்றால் டிக்கெட்டில் சலுகை கிடைக்கும் என்று நம்பிப் போகிறார்கள். இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரை 2 யூரோ டிக்கெட் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத்தான். இந்திய பாஸ்போர்ட்டோ அமெரிக்க பாஸ்போர்ட்டோ வைத்திருந்தால் முழுக் கட்டணம், ஊரின் பெரிய ஓவிய அருங்காட்சியகமான உஃபிசியில் உச்சப் பருவத்தில் 25 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிற பல்கலைக்கழகத்திலோ ஓவியக் கல்லூரியிலோ கலை படிக்கிறவர்களுக்கு இலவசம். நம் பிள்ளை அமெரிக்கக் கல்லூரியின் கிளையில் படிப்பதால் அந்தக் கணக்கில் வருவதில்லை. வாசலில் நின்று வாதாடிப் பிரயோசனமில்லை, வாதாடிப் பார்த்தாயிற்று.

வழி இருக்கிறது. உஃபிசி நண்பர்கள் சங்கம் என்று ஒன்று உண்டு. 1993 மே மாதம் உஃபிசியை ஒட்டிய தெருவில் மாஃபியா வைத்த குண்டு வெடித்து 5 பேர் இறந்து ஓவியங்களும் சேதமான பிறகு தொடங்கியது. அதில் உறுப்பினர் ஆனால் ஆண்டுச் சீட்டு. சில கல்லூரிகள் தாங்களே எடுத்துக் கொடுத்துவிடும். கட்டணத்தில் அது சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். ஆண்டுச் சீட்டு கையில் இருந்தால் அரை மணி நேரம் ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வரலாம். 25 யூரோ கொடுத்தவன் எல்லா அறையையும் பார்க்காமல் வெளியே வர மாட்டான், எந்தப் படமும் மனதில் நிற்காது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம்தான், ஆனால் அன்றைக்கு உள்ளே வரைய முடியாது, முழங்கை இடிக்கும்.

வரைவது என்றதும் நினைவுக்கு வருகிறது: சிறிய ஸ்கெட்ச் புத்தகமும் பென்சிலும் என்றால் காவலர்கள் கண்டுகொள்வதில்லை. மைப்பேனா எடுத்தால் உடனே வந்துவிடுவார்கள். அக்காதெமியா அருங்காட்சியகத்தில் ஒரு காவலர் அம்மா தினமும் என் பென்சிலை வாங்கிப் பார்ப்பார், பிறகு படத்தைப் பார்ப்பார், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். நான் வரைந்தது புகழ்பெற்ற தாவீது சிலையை இல்லை. அங்கே போகும் வழியில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் முடிக்கப்படாத ‘கைதிகள்’ சிலைகளை. கல்லிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கும் உடம்பில் பல் உளி ஓடிய தடம் இணை கோடுகளாக அப்படியே இருக்கிறது. தொடையில் ஒரு திசை, வயிற்றில் இன்னொரு திசை. பென்சிலில் நிழல் போடுவது எப்படி என்று அதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டமும் அவற்றைத் தாண்டி தாவீதைப் போட்டோ எடுக்க ஓடும்.

9 பிப்ரவரி 2025, மறுபடியும்

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு. ரொட்டியில் உப்பு இருக்காது. பேக்கரிக்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம், டஸ்கனி முழுக்க அப்படித்தான். குடல் கறி சாப்பிடுகிறவளாக இருந்தால் கவலையே இல்லை: தெருவோர வண்டியில் லம்ப்ரெதோத்தோ என்று மாட்டின் நாலாவது இரைப்பையை வேகவைத்து பன்னில் வைத்துத் தருவார்கள். என் வகுப்பில் அதை இரண்டாவது தடவை கேட்டு வாங்கியது நான் மட்டும்தான். சைவம் என்றால் பீன்ஸ், தக்காளி, பழைய ரொட்டி போட்ட ரிபொல்லீத்தா சூப். சாம்பார்ப் பொடி கொண்டுபோனால் அதற்கும் ஆகும்.

16 பிப்ரவரி 2025

விசா, வீடு. சுருக்கமாக.

இந்திய பாஸ்போர்ட் என்றால் அமெரிக்காவிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் நீண்ட காலப் படிப்பு விசா வாங்க வேண்டும். அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவள் கிளம்பும் முன், கல்லூரி தந்த ஐ-20 படிவத்தில் கல்லூரியின் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் அமெரிக்க விசா டிசம்பரில் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தீர்ந்திருந்தால் திரும்புவது பெரும்பாடு. நான் போன 2016-இல், இத்தாலியில் இறங்கி 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்குத் தபால் நிலையத்தில் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. புகையிலைக் கடையில் 16 யூரோ முத்திரைத் தாள். பிறகு ஒரு நாள் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை. அட்டை கையில் கிடைப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும் என்று அங்கே எல்லோரும் சிரிப்பார்கள், என் விஷயத்தில் அதுதான் நடந்தது. தபால் நிலைய ரசீதைப் பத்திரமாக வைத்திருந்ததே போதுமாக இருந்தது. இன்னொன்று, லண்டன் தனி விசா. கூடப் படித்தவர்கள் வார இறுதியில் லண்டன் போனபோது நான் ஃப்ளோரன்ஸிலேயே இருந்தேன். வருத்தமெல்லாம் இல்லை, காலியான வீட்டில் துணி துவைக்கும் மெஷின் எனக்கே எனக்கு.

வீட்டை ஒரு தரகர் நிறுவனம் மூலம் கல்லூரியே பிடித்துக் கொடுத்தது. நாலு பேருக்கு என்று சொன்ன வீட்டில் ஆறு கட்டில். அக்டோபர் மாதம் குளிரில் விறைத்துக்கொண்டு சூடேற்றியைப் போடச் சொல்லிக் கேட்டால் சட்டம் விடாது என்றார்கள். சாக்கு சொல்கிறார்கள் என்று நினைத்தோம். உண்மைதான்: ஃப்ளோரன்ஸில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரைதான் ஓடலாம், அதுவும் நாளுக்கு 12 மணி நேரம். ஆறு கட்டிலுக்கு எந்தச் சட்டம் என்று கேட்டோம், பதில் வரவில்லை.

2 மார்ச் 2025

இந்த இழையை விட்டு ரெண்டு வாரம் ஆகிவிட்டது. கேள்வி கேட்டவர் நடுவில் எழுதியிருப்பதைப் பார்த்தேன்: “எல்லாம் சரி, ஆனா வெளிநாட்டு மாணவர்களால அந்த ஊருக்கு என்ன பிரயோஜனம், சத்தம் போடுறதைத் தவிர?”

1966 நவம்பர் 4. அர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தது. தாழ்வான பகுதிகளில் 6 மீட்டரைத் தாண்டித் தண்ணீர். குளிர்காலத்துக்கென்று கட்டடங்களின் நிலவறைத் தொட்டிகளில் நிரப்பி வைத்திருந்த எண்ணெய் வேறு சேற்றோடு கலந்துவிட்டது. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் ஓவியர் சிமபுவே வரைந்த சிலுவை வண்ணத்தில் 60 சதவீதத்தை இழந்தது. சிற்பி கிபெர்தி செய்த ‘சொர்க்க வாசல்’ என்ற கதவிலிருந்து 5 வெண்கலப் பலகைகள் பிய்ந்துபோயின. தேசிய நூலகத்தில் லட்சக்கணக்கான புத்தகங்கள் சேற்றில். அப்போது வரிசையில் நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைத் தூக்கி வெளியே கொடுத்தவர்களில் பெரும்பகுதி இளைஞர்கள். ஊர்ப் பிள்ளைகளோடு, ஓவியமும் வரலாறும் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்களும் இருந்தார்கள். சேற்றுத் தேவதைகள் என்று அந்த ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

நான் இருந்தது சரியாக ஐம்பதாவது ஆண்டு. 2016 நவம்பர் 4 அன்று ஓவியர் வசாரியின் ‘கடைசி விருந்து’ திரும்பவும் சாந்தா குரோச்சேயில் வைக்கப்பட்டது. 1546-இல் மரப்பலகைகளில் வரைந்தது, 12 மணி நேரத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது. பல பத்தாண்டுகள் யாருக்கும் அதைத் தொடத் தைரியம் வரவில்லை. வண்ணம் உதிராமல் இருக்கத் தாள் ஒட்டி அப்படியே கிடப்பில் வைத்திருந்தார்கள். ஓப்பிஃபீச்சோ என்ற பழுதுபார்ப்பு நிலையம்தான் கடைசியில் சரி செய்தது. 1588-இல், ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தவர் ஒருவர் கல் பதிக்கும் பட்டறையாகத் தொடங்கிய இடம் அது. இப்போது வெள்ளம் வந்தால் முழுப் படத்தையும் மேலே தூக்கிவிட எதிரெடை வைத்த இயந்திரம் பொருத்தியிருக்கிறார்கள். அன்றைக்கு எங்களுக்கு உள்ளே இடமில்லை. ஜனாதிபதி வந்திருந்ததால் தெருவெல்லாம் போலீஸ். அடுத்த வாரம்தான் போய்ப் பார்த்தோம்.

சான் ரெமீஜோ தெரு முனையில் சுவரில் இரண்டு குறிகள் இருக்கின்றன. ஒன்று 1966 தண்ணீர் மட்டம், இன்னொன்று 1333. அதுவும் நவம்பர் 4-தான். ஆறு நாள் பார்த்து வருகிறது.

4 மார்ச் 2025

“மைக்கலாஞ்சலோ மூக்கை உஃபிசியில் உடைத்தார்கள்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். உஃபிசியைக் கட்ட ஆரம்பித்ததே 1560-இல், அப்போது மைக்கலாஞ்சலோ ரோமில் தாத்தா வயதில் இருந்தார். மூக்கு உடைந்தது பிரங்காச்சி சிற்றாலயத்தில். பையன்கள் கூட்டமாக மசாச்சோவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது மைக்கலாஞ்சலோ கேலி செய்ய, சக மாணவர் தொரிஜானோ விட்டார் ஒரு குத்து. தொரிஜானோ பின்னால் இங்கிலாந்து போய் வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழாம் ஹென்றியின் கல்லறைச் சிலையைச் செய்தார். சக மாணவனை அடித்தவனும் உருப்படலாம் என்று அண்ணன் மகளுக்குச் சொல்ல வேண்டாம்.

20 மார்ச் 2025

முதலில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். பாடப் பட்டியல்தான் எல்லாம் என்கிற மாதிரி தொனிக்கிறது. அது போதாது.

எங்கள் வகுப்பில் எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரே மொழி. ஆசிரியர்களில் பாதிப்பேர் அமெரிக்கர்கள். வீட்டிலிருந்து கல்லூரி பத்து நிமிடம், நடுவில் ஆங்கிலம் பேசும் காபிக் கடை. இத்தாலியரோடு ஒரு முழு வாக்கியம் பேசாமல் நாலு மாதத்தையும் ஓட்டிவிட முடியும், பலர் ஓட்டினார்கள். கைவேலையே கற்றாலும் யாரிடம், யாரோடு உட்கார்ந்து கற்கிறோம் என்பது இருக்கிறது. ஊர் ஓவியக் கல்லூரியில், அதாவது அக்காதெமியா தி பெல்லே அர்த்தியில், வெளியாட்களும் சேரக்கூடிய மாடல் வரைதல் வகுப்பு ஒன்று நடக்கும். ஒரு தோழி இழுத்துக்கொண்டு போனாள். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், பல் மருத்துவர், சீன மாணவர்களுக்கென்றே உள்ள துராந்தோத் திட்டத்தில் வந்து இத்தாலிய மொழி கற்றுக்கொண்டு சேர்ந்தவர்கள், நாங்கள். பக்கத்து ஸ்டூலில் இருந்த பெரியவர் என் தாளைப் பார்த்து, பென்சிலை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் இடுப்புக்குக் கீழே ஒரே கோட்டில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று போட்டுக் காட்டினார். செமஸ்டர் முழுக்க ஆசிரியர்கள் போட்ட மார்க்கை விட அந்தக் கோடு எனக்குப் பெரிது.

ஆகவே கல்லூரியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்த ஊர் மாணவர்களோ பட்டறைக்காரர்களோ பாடத்தில் எங்கேயாவது வருகிறார்களா? அர்னோவுக்குத் தெற்கே ஓல்த்ரார்னோ பகுதியில் படச்சட்டம் செய்கிறவர்கள், பொன் ஒட்டுகிறவர்கள் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள். இவர்களில் ஒருவரோடு வாரம் ஒரு மதியம் உட்காரக் கல்லூரி ஏற்பாடு செய்தால் மற்ற குறைகளை மன்னிக்கலாம்.

21 மார்ச் 2025

முட்டை வண்ணம், அதாவது நிறத்தூளை முட்டைக் கருவில் குழைப்பது, பற்றிக் கேட்ட தங்கைக்கு: மஞ்சள் கரு மட்டும், மேல் தோலை இரண்டு விரலில் பிடித்துத் தூக்கி, கத்தியால் குத்தி வடிய விட வேண்டும். 1400-ஐ ஒட்டி வாழ்ந்து ஓவியக் கையேடு எழுதிய சென்னினோ சென்னினி, இளம் முகங்களுக்குப் பட்டணத்துக் கோழியின் வெளிறிய கருவையும் கிழவர் முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கருவையும் எடுக்கச் சொல்கிறார். நாங்கள் சூப்பர் மார்க்கெட் முட்டையில் எல்லா வயதையும் வரைந்தோம்.

11 மே 2025

விஷயத்துக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஃப்ளோரன்ஸின் மேற்கே காஷினே பூங்கா. அதன் கடைசி முனை வரை நடந்தால், முஞ்யோனே ஆறு அர்னோவில் சேருமிடத்தில், குடை மண்டபத்துக்குள் தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞரின் மார்பளவுச் சிலை வண்ணம் பூசி நிற்கிறது. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம். லண்டன் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் 1870 நவம்பர் 30 அன்று ஃப்ளோரன்ஸில் இறந்துபோனார். இரண்டு ஆறுகள் கூடும் இடம் வேண்டும் என்பதால் அங்கே தகனம் செய்தார்கள். பக்கத்துப் பாலத்துக்கே இந்தியன் பாலம் என்றுதான் பேர். சலவைக்கல் வெள்ளையாகவே கண்ணில் பழகிப்போன ஊரில் முகத்துக்கு மாநிறமும் உடைக்கு வண்ணமும் பூசிய சிலை. என் ஆசிரியைக்கு அது ‘ரசனைக் குறைவு’. நான் அதை வரைந்து சமர்ப்பித்தேன், ஊர்ச் சாமி சிலைகளுக்கு வண்ணம் பூசுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் குறை தெரியவில்லை என்று குறிப்பும் எழுதி. நல்ல மார்க்தான் போட்டார்.

8 ஜூன் 2025

“ஃப்ளோரன்ஸ்தான் வேணுமா?” என்று கேட்கிறார்கள். வேண்டியதில்லை. சிற்பம் என்றால் கர்ராரா. கல் வெட்டும் மலையே கண்ணெதிரே. மொசைக் என்றால் ரவென்னா. இன்றைய கலையில்தான் ஆர்வம் என்றால் வெனிஸ், அதுவும் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி நடக்கும் இரட்டைப்படை ஆண்டில். ரோமில் ரோட் ஐலண்ட் வடிவமைப்புக் கல்லூரி 1960 முதல் மாணவர்களை வைத்திருக்கிறது, கொர்த்தோனா என்ற சின்ன மலையூரில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 1970 முதல். சின்ன ஊரில் ஒரு நன்மை, ஆங்கிலக் காபிக் கடைக்கு ஓட வழியில்லை.

சுவரோவியமும் வரைதலும் என்றால் ஃப்ளோரன்ஸ். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

24 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அண்ணன் பணம் கட்டிவிட்டார், பெண் வரும் வாரம் கிளம்புகிறாள், சுவரோவிய வகுப்பு இருக்கிறது, வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. சரி, கிடைத்ததை வைத்துப் பார்ப்போம். வெள்ளிக்கிழமைகளில் சாந்தா ஃபெலிச்சித்தாவுக்குப் போகச் சொல்லுங்கள். பொன்தே வெக்கியோ என்ற பழைய பாலத்தைத் தாண்டித் தெற்கே போனதும் இடது பக்கம் உள்ள தேவாலயம். இயேசுவின் உடலை இறக்குவதை ஓவியர் பொன்டோர்மோ வரைந்த ‘இறக்கம்’ அங்கே இருட்டில் இருக்கிறது. நான் போன காலத்தில் காசு போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணையும். சில்லறை நிறைய வைத்துக்கொள்ளட்டும். ரோஜா நிறமும் நீலமும் வெளிர்பச்சையுமாக ஒரு கூட்டமே அந்தரத்தில் நிற்கும், தரையும் சரியாகத் தெரியாது, சிலுவையும் கிடையாது.

வண்ணங்களை இங்கிருந்து சுமக்க வேண்டாம். ஃப்ளோரன்ஸ் பேராலயத்துக்குப் பக்கத்தில் ஸ்தூதியோ தெருவில் ஸெக்கி கடையில் நிறத்தூள் எல்லாம் கிடைக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் கட்டாயம் வேண்டும், சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும். தடிமனான கோட்டும் ஊரிலிருந்து வாங்கிப் போக வேண்டாம், பெட்டியில் பாதி அதற்கே போய்விடும். செவ்வாய்க்கிழமை காலையில் காஷினே பூங்காவில் சந்தை கூடும். அங்கே பேரம் பேசி வாங்கட்டும், அக்டோபர் பிறப்பதற்கு முன்னால்.